சீன மாணவர்கள் ஏன் தங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மகள் இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படிக்கிறாள். வகுப்பில் பாதிக்கு மேல் சீன மாணவர்கள். பாடம் நடக்கும்போது வாயே திறப்பதில்லை. இடைவேளையில் தங்களுக்குள் மாண்டரினில் பேசிக்கொள்கிறார்கள். குழுவாகச் செய்ய வேண்டிய வேலையில் அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. "இவ்வளவு செலவு செய்து வெளிநாடு வந்துவிட்டு ஏன் ஊரோடு ஒட்டாமல் இருக்கிறார்கள்? பழக விருப்பம் இல்லையா?" இதுதான் கேள்வி.

வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதவும் கருத்தரங்கில் பேசவும் பல வருடங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். பழக விருப்பம் இல்லாத பிள்ளையை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. எப்படிப் பழகுவது என்பதற்கு ஊரில் இருந்த வழிகள் எல்லாம் இங்கே இல்லாமல் போனதுதான் சிக்கல். முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

சீனப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர்பவரை 'பன்ஜி' என்ற ஒரு வகுப்பில் போடுகிறார்கள். முப்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடமும் அதே முகங்கள், பெரும்பாலும் ஒரே கால அட்டவணை. விடுதியில் ஓர் அறைக்கு நாலு பேர், ஆறு பேர், சில இடங்களில் எட்டுப் பேர். அறைத் தோழிகளும் அநேகமாக அதே பன்ஜிதான். இவர்களுக்கு மேலே 'ஃபூதாவ்யுவான்' என்று ஒருவர் இருப்பார். படிப்பு, உடம்பு, வீட்டுக் கவலை, வேலை தேடுவது என எல்லாவற்றையும் கவனிப்பது அவர் பொறுப்பு. ஒரு பெண் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை என்றால் அவர் காதுக்குப் போய்விடும். நட்பை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து தூங்கி, சேர்ந்து பரீட்சைக்குப் பயந்து, தானாக வந்துவிடும்.

இங்கே என்ன நடக்கிறது? ஒரு தனி அறை, ஒரு சாவி அட்டை. தீ பரவாமல் இருப்பதற்காக விடுதி முழுக்கக் கனமான, தானாக மூடிக்கொள்ளும் கதவுகள். இந்தக் கதவைப் பற்றி என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? ஊரில் விடுதி அறைக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும், போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே கதவு மூடிய பிறகு அடுத்த அறையில் ஆள் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. நட்பு வேண்டுமென்றால் ஒரு சங்கத்தில் சேரு, ஒரு பப்பில் போய் நில், முன்பின் தெரியாதவரிடம் வானிலை பற்றிப் பேச்சுக் கொடு. இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பாடம் என்றே தோன்றாததால் சொல்லிக் கொடுக்கவும் தோன்றுவதில்லை.

சரி, வகுப்பில் அந்த மௌனம்? அதற்கு ஒரே காரணம் கிடையாது.

முதல் காரணம் மொழி. ஆனால் ஆங்கிலம் தெரியாது என்ற பொருளில் இல்லை. சேர்க்கைக்குக் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். சீனாவில் 'ஊமை ஆங்கிலம்' என்றே ஒரு சொல் உண்டு. படிக்க வரும், எழுத வரும், பேச வராது. ஜூன் மாதத்தில் நடக்கும் 'காவ்காவ்' நுழைவுத் தேர்வை 2024இல் எழுத 1.34 கோடிப் பேர் பதிவு செய்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் முந்துவதற்காகப் படித்த ஆங்கிலத்தில் அரட்டைக்கு இடம் ஏது? இங்கே வந்தால் ஒலிநாடாவில் கேட்ட தெளிவான உச்சரிப்பு இல்லை. லிவர்பூல், நியூகாசில், கிளாஸ்கோ என்று ஊருக்கு ஒரு பேச்சு. அதோடு கருத்தரங்கில் பேச்சு வேகமாகக் கை மாறும். ஒருவர் சொன்னதைப் புரிந்து, பதிலை மனத்தில் கட்டி, இலக்கணம் சரிதானா என்று பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். "ஒவ்வொரு முறையும் நான் தயாராகும்போது பேருந்து கிளம்பிவிடுகிறது" என்று ஒரு மாணவி சொன்னாள்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. கேள்வி கேட்பது எப்போது சரி என்பதில் இரண்டு கல்வி மரபுகளும் வேறுபடுகின்றன. பிரிட்டிஷ் ஆசிரியருக்கு, கேள்வி கேட்டால்தான் கற்கிறாய். சீன மாணவருக்கு, கற்ற பிறகு கேட்பதுதான் மரியாதை. பாதி புரிந்த நிலையில் கை தூக்கினால் மற்றவர்கள் நேரத்தை வீணாக்குவது போல. கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் தன் முகம், அதாவது மானம், போகும். ஆசிரியரிடம் உடனே பதில் இல்லையென்றால் அவர் முகமும் போகும். இந்த 'மியன்ட்ஸ்' என்ற முகம் பற்றிய கவலையில் பாதி, எதிரில் இருப்பவரைக் காப்பாற்றுவதற்காக. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. வகுப்பு முடிந்ததும் வந்து பாருங்கள். மேசை முன்னால் வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சற்று முன் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்த அதே பிள்ளைகள். ராத்திரி பதினொரு மணிக்கு இருபது வரியில் மின்னஞ்சலும் வரும். அதில் இருக்கும் கேள்விகள் வகுப்பில் துணிந்து பேசியவர்கள் கேட்டதைவிடக் கூர்மையாக இருக்கும்.

மனப்பாடம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இங்கே உண்டு. சீன மாணவர்கள் புரியாமல் உருப்போடுகிறார்கள் என்பார்கள். ஹாங்காங்கில் பணியாற்றிய ஜான் பிக்ஸ் போன்ற கல்வியாளர்கள் 1990களிலேயே இதை மறுத்து எழுதிவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதும் புரிந்துகொள்வதும் அங்கே எதிரெதிரானவை அல்ல. நூறு முறை படித்தால் பொருள் தானே விளங்கும் என்று சீனத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. திருக்குறளை அர்த்தம் தெரியாத வயதில் ஒப்பித்துவிட்டு, நாற்பது வயதில் ஒரு குறள் சட்டென்று விளங்கிய அனுபவம் உள்ள நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

மூன்றாவது, பெயர். இதை எல்லோரும் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் எக்ஸ், கியூ போன்ற எழுத்துகள் இங்குள்ளவர்கள் எதிர்பார்க்காத ஒலியில் வரும். குடும்பப் பெயர் முன்னால் வரும். ஆசிரியர் பட்டியலைப் பார்ப்பார், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தயங்குவார், பக்கத்தில் இருக்கும் 'எம்மா'வையோ 'டேவிட்'டையோ கூப்பிடுவார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பருவம் முழுக்க ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைக்கப்படாத பிள்ளை எப்படிப் பேசும்? இதற்காகவே பலர் ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அது ஒரு புது ஆளாக மாறும் மகிழ்ச்சி. சிலருக்கு, வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறது.

ஆசிரியரை அழைப்பதிலும் இதே தவிப்பு. சீனத்தில் குடும்பப் பெயரோடு 'லாவ்ஷி' சேர்த்து, 'வாங் ஆசிரியரே' என்பது போல அழைப்பார்கள். இங்கே பேராசிரியர், "என்னை ஜான் என்றே கூப்பிடு" என்கிறார். அது வாயில் வராது. அதனால் எப்படியும் கூப்பிடாமலே ஒரு வருடத்தை ஓட்டியவர்கள் உண்டு. 'சார்', 'மேடம்' என்று வளர்ந்த எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் போயிற்று.

இன்னொன்று. "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்களே, என்னைப் பார்த்தால் உடம்பு சரியில்லாதவள் போலவா இருக்கிறது என்று கவலைப்பட்ட பிள்ளைகள் பலர். அவர்கள் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் கேட்பது 'சாப்பிட்டாயா?' என்பது. நம் ஊர் போலவே. அதேபோல, ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் நன்றி சொல்வது நெருங்கியவர்களிடையே அந்நியமாகப் படும். இங்கே நன்றி சொல்லாவிட்டால் முரட்டுத்தனம். உங்கள் மகளுக்கு இந்த இரண்டும் விளக்கம் இல்லாமலே புரியும். அவளும் அந்த மாணவர்களும் நினைப்பதைவிட நிறைய ஒத்துப்போவார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கலாச்சார அதிர்ச்சி பற்றிப் பேசும்போது கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் எழுதிய கட்டுரையை எல்லோரும் சொல்வார்கள். முதலில் தேனிலவு போல எல்லாம் இனிக்கும், பிறகு நெருக்கடி, பிறகு தேறுதல், கடைசியில் பழகிப்போதல். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓராண்டு முதுகலையில் அந்த வளைவுக்கு நேரம் எங்கே? செப்டம்பர் கடைசியில் வந்து இறங்குகிறார்கள். வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு, விசா ஆவணம் என்று ஒரு மாதம் ஓடும். நவம்பரில் முதல் கட்டுரை. டிசம்பரில் வட இங்கிலாந்தில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். உள்ளூர் மாணவர்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனதும் விடுதி காலியாகிவிடும். கோடையில் ஆய்வுக் கட்டுரை, செப்டம்பரில் ஒப்படைப்பு. பலர் என்னிடம் சொன்னது: "ஊர் பிடிக்க ஆரம்பித்தபோது பெட்டி கட்ட வேண்டியிருந்தது."

இதோடு எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். 2021-22 கல்வியாண்டில் பிரிட்டனில் சுமார் ஒன்றரை லட்சம் சீன மாணவர்கள் இருந்தார்கள். பலர் வணிகம், மேலாண்மை போன்ற ஓராண்டு முதுகலை வகுப்புகளில். அதனால் சில வகுப்புகளில் எங்கே திரும்பினாலும் சீன முகம்தான். அவர்கள் பழக வேண்டிய 'பிரிட்டிஷ் மாணவர்' அந்த அறையில் ஒருவரோ இருவரோ. பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் கட்டணம் தேவைப்படுகிறது, சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு, "ஏன் தங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்?" என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஒட்டிக்கொண்டால் மட்டும் பாராட்டு கிடைக்குமா? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற யுங் விங்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் வாங்கிய முதல் சீனர். அவர் முயற்சியால், அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு முப்பது பேராக 120 சிறுவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பலருக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதுதான். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரைச் சுற்றி அமெரிக்கக் குடும்பங்களின் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். ஆங்கிலம் கற்றார்கள், பேஸ்பால் ஆடினார்கள், சிலர் தேவாலயத்துக்குப் போனார்கள், சிலர் சிங் அரசுக்கு விசுவாசத்தின் அடையாளமான சடையையும் வெட்டிவிட்டார்கள். பதினைந்து ஆண்டுத் திட்டம் அது. பிள்ளைகள் சீனர்களாகவே இல்லை என்று மேற்பார்வையாளர்கள் ஊருக்கு எழுதினார்கள். அதே சமயம் அமெரிக்காவும் அவர்களை ராணுவக் கல்லூரியில் சேர்க்க மறுத்தது. 1881இல் எல்லோரையும் திரும்ப அழைத்துவிட்டார்கள், பெரும்பாலானோர் பட்டம் முடிக்கும் முன்பே. பட்டம் முடித்த இருவரில் ஒருவரான ஜான் தியன்யோதான் பிறகு பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு ரயில் பாதை போட்டார். 1909இல் முடிந்த அந்தப் பாதைக்கு வெளிநாட்டுப் பொறியாளர்கள் தேவைப்படவில்லை.

அந்தச் சிறுவர்கள் அமெரிக்காவோடு ஒட்டினார்கள் என்பதற்காக ஊர் அவர்களைச் சந்தேகப்பட்டது. இன்றைய பிள்ளைகள் ஒட்டவில்லை என்று வந்த இடம் குறை சொல்கிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களைச் சீனத்தில் 'ஹாய்குய்' என்பார்கள். 'கடல் தாண்டித் திரும்பியவர்' என்று பொருள், உச்சரிப்பில் 'கடல் ஆமை'யும் அதேதான். திரும்பிப் போனவர்கள் எனக்கு எழுதும்போது, அலுவலகத்தில் நேரடியாக மறுத்துப் பேசியதற்காக, "வெளிநாட்டுப் பழக்கம்" என்று பேச்சு வாங்கியதைச் சொல்கிறார்கள். கருத்தரங்கில் நாங்கள் பாடுபட்டுக் கற்றுக் கொடுத்த பழக்கம் அது.

அப்புறம், வீட்டுக்குச் செய்யும் தொலைபேசி அழைப்பு. 'நல்லதைச் சொல், கவலையைச் சொல்லாதே' என்று சீனத்தில் ஐந்து எழுத்தில் ஒரு வழக்கு உண்டு. ஒரு குழந்தைதான் என்ற சட்டம் இருந்த காலத்தில் பிறந்த பலருக்கு உடன்பிறந்தவர் இல்லை. அப்பா அம்மாவும் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் இந்த ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சீன மாணவர் என்றாலே பணக்காரர் என்ற எண்ணம் தப்பு. கட்டணத்துக்காக வீட்டை விற்ற குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்தப் பாரத்தோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்து, "நான் நன்றாக இருக்கிறேன், நல்லாச் சாப்பிடுகிறேன்" என்பார்கள்.

ஹெனான் மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெண் மூன்று வாரம் வகுப்புக்கே வரவில்லை. நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் வருகைப் பதிவு, விதி, விளைவு என்று ஒரே மிரட்டல் தொனியில் இருந்தன. அவள் எதையும் திறந்து பார்க்கவில்லை. உளவியல் ஆலோசகரிடம் போ என்று சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள், தனக்குப் பைத்தியம் என்று பதிவாகிவிடும் என்று பயந்தாள். கடைசியில் வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியின் குழுவில் அவள் பேச்சே இல்லாததைக் கவனித்தவள் ஒரு சீனியர் மாணவி. ஒரு சட்டியில் கஞ்சியும் ஒரு பாட்டில் லாவ்கன்மா மிளகாய்த் தொக்கும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கனமான கதவைத் தட்டினாள். இரண்டு நாள் அவளோடு தங்கினாள். பிறகு கையைப் பிடித்து என் அறைக்கும், அங்கிருந்து மருத்துவரிடமும் கூட்டிப் போனாள். அந்தப் பெண் பட்டம் வாங்கினாள்.

அன்றிலிருந்து, 'தங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்' என்று யாராவது குறையாகச் சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை. சொந்த மொழிக் கூட்டம் என்பது முதல் ஆறு மாதம் நிற்பதற்கான தரை. அது உறுதியாக இருந்தவர்கள்தான் பிறகு வெளியே நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு ஆபத்தான பக்கமும் உண்டு. வீசாட் குழுக்களில் காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் விளம்பரங்கள் ஓயாமல் வரும். பயந்துபோய் அதில் விழுந்து படிப்பையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் கொடியது போலிக் கடத்தல் மோசடி. மாண்டரினில் ஒரு அழைப்பு வரும். "தூதரகத்திலிருந்து பேசுகிறோம், உன் பெயரில் சட்டவிரோதப் பார்சல் பிடிபட்டிருக்கிறது" என்பார்கள். பிறகு சீருடையில் 'போலீஸ்' வீடியோவில் வரும். யாரிடமும் சொல்லாதே, ஒரு ஓட்டலில் போய் ஒளிந்துகொள் என்று சொல்லி, பிள்ளையையே கட்டிப்போட்ட மாதிரிப் படம் எடுக்க வைத்து, அதைப் பெற்றோருக்கு அனுப்பிப் பணம் பறிப்பார்கள். 2020இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. நம் ஊர் 'டிஜிட்டல் கைது' மோசடியை அறிந்தவர்களுக்கு இதன் வடிவம் உடனே புரியும். அதிகாரத்துக்குப் பயப்பட வளர்க்கப்பட்ட, தனியாக இருக்கும் பிள்ளைதான் இலக்கு.

வெளியிலிருந்து வரும் பகையையும் சொல்லாமல் விட முடியாது. 2020 தொடக்கத்தில், முகக்கவசம் போடுவதை அடுத்தவருக்குச் செய்யும் மரியாதையாகக் கற்ற பிள்ளைகளை, அது போட்டதற்காகவே தெருவில் திட்டினார்கள். போடாவிட்டால் அம்மா அழுவாள், போட்டால் தெருவில் கத்துவார்கள். அமெரிக்காவில் 2019-20இல் 3,72,000க்கு மேல் இருந்த சீன மாணவர் எண்ணிக்கை 2023-24இல் 2,77,000 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு இந்தியா 3,31,000 பேரோடு முந்தியது. தொற்றுக் காலம், விசாக் கெடுபிடி, உளவாளி என்ற சந்தேகப் பார்வை எல்லாமே இதில் சேரும்.

உங்கள் மகள் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குழு வேலையில் பேச வேண்டியதை முந்தின நாளே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தயார் செய்ய நேரம் கிடைத்தால் அவர்கள் பேசுவார்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணட்டும். நம்மவர்கள் மௌனத்தை உடனே நிரப்பிவிடுகிறோம், அந்த இடத்தில்தான் அவர்கள் வாக்கியம் பாதியில் நின்றுபோகிறது. "எல்லோருக்கும் சம்மதமா?" என்று பொதுவாகக் கேட்டால் சம்மதம் என்றுதான் வரும். "இதில் எந்தப் பகுதி சரியில்லை?" என்று ஒருவரிடம் கேட்டால் பதில் வரும். பெயரைச் சரியாகச் சொல்லக் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும், நாலு முறை தப்பினாலும் பரவாயில்லை.

சீனப் புத்தாண்டு வகுப்புகள் நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் வரும், விடுமுறை கிடையாது. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சீனத் தொலைக்காட்சியில் தொடங்கும் பெரிய கலை நிகழ்ச்சி இங்கே நண்பகல் பன்னிரண்டுக்கு வரும். விடுதிச் சமையலறையில் மடிக்கணினியை வைத்து அதைப் பார்த்தபடி ஏழெட்டுப் பேர் ஜியாவ்ஸி என்ற கொழுக்கட்டையை மடித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு உங்கள் மகள் அந்தச் சமையலறைக்குள் போய் மடிப்பு எப்படிப் போடுவது என்று கேட்கட்டும். நம் வீட்டில் கொழுக்கட்டை பிடித்த கை, சீக்கிரம் பழகிவிடும்.